நோயாளியின் கூற்றும் நோயறிதலின் துல்லியமும்

மருத்துவ மாணவர்க்கான தொடர்பாடல் பயிற்சி பெரும்பாலும் நன்னடத்தைப் பயிற்சியாகவே கருதப்படுகிறது. அது நோயறிதலுக்கே அடிப்படையான திறன் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

1975இல் ஹாம்ப்டன் குழுவினர் இங்கிலாந்தில் 80 புறநோயாளிகளிடம் மேற்கொண்ட ஆய்வில், 66 பேருக்குப் பரிந்துரைக் கடிதத்தையும் நோய் வரலாற்றையும் கொண்டே செய்த நோயறிதல் இறுதி முடிவோடு ஒத்திருந்தது. எனினும், 1984இல் பெக்மன், ஃபிராங்கெல் ஆகியோர் அமெரிக்காவில் ஆராய்ந்த 74 மருத்துவச் சந்திப்புகளுள் 23 விழுக்காட்டில் மட்டுமே நோயாளி தம் தொடக்கக் கூற்றை நிறைவுசெய்ய இயன்றது. குறுக்கீடு சராசரியாக 18 நொடிகளில் நிகழ்ந்தது.

தமிழகத்தில் மற்றொரு தடையும் உண்டு. மாணவர் ஆங்கிலத்தில் பயில்கிறார். நோயாளி தமிழில் உரைக்கிறார். ‘மயக்கம்’ என்னும் சொல் தலைச்சுற்றல், நினைவிழப்பு, சோர்வு ஆகிய மூன்றையும் சுட்டும். தலைச்சுற்றல் உட்செவிக் கோளாற்றாலும், நினைவிழப்பு இதயத் துடிப்புக் கோளாற்றாலும் நேரக்கூடும். ‘விழுந்தபோது நினைவு இருந்ததா?’ என வினவாத மாணவர் தவறான திசையில் சோதனைகளைத் தொடங்குவார்.

2019 முதல் இந்திய இளநிலை மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறவியல், தொடர்பாடல் ஆகியன தனிக்கூறாக இடம்பெற்றுள்ளன. அதன் மதிப்பீடு, மாணவரின் கனிவை மட்டுமன்றி, அவர் திரட்டிய நோய் வரலாற்றின் துல்லியத்தையும் அளவிடுதல் வேண்டும்.