சமூகக் கால்பந்தும் சுற்றுச்சூழல் விழிப்புணர்வும்

ஒரு வட்டாரத்தில் வாழும் சிறுவர், சிறுமியர், இளைஞர், மாற்றுத்திறனாளிகள், புலம்பெயர்ந்தோர் என எல்லோரும் திறமை வேறுபாடின்றிச் சேர்ந்து ஆடும் கால்பந்து, அனைவரையும் உள்ளடக்கிய சமூகக் கால்பந்து எனப்படுகிறது. இதில் கோப்பையை வெல்வதைவிட, ஆடுவோரும் அவர்கள் வாழும் இடமும் பயன்பெறுவது முதன்மையாகக் கருதப்படும். இவ்வகைக் கால்பந்தைச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்குப் பயன்படுத்தியதில் கென்யாவின் தலைநகர் நைரோபியில் இயங்கும் மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் முன்னோடியாகும். இச்சங்கம் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு "மைசா" என்று அழைக்கப்படுகிறது. இக்கட்டுரை அதன் செயல்முறையையும், அது உருவான சூழலையும், அதன் எல்லைகளையும் விளக்குகிறது.

மத்தாரே: இடமும் சூழலும்

மத்தாரே, நைரோபி நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு பள்ளத்தாக்கு. அதன் ஊடாக மத்தாரே ஆறு ஓடுகிறது. முன்பு கல் வெட்டி எடுக்கப்பட்ட இந்த இடத்தில், நைரோபியின் மிகப் பழைய குடிசைப்பகுதிகளுள் ஒன்று உருவானது. தகரத்தாலும் மண்ணாலும் ஆன ஒற்றையறை வீடுகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. அவற்றுக்கு நடுவே உள்ள குறுகிய சந்துகளில் குப்பை வண்டிகள் நுழைய இயலாது. இத்தகைய குடியிருப்புகள் நெடுங்காலம் நகரத் திட்டங்களில் முறையாகச் சேர்க்கப்படாததால், குப்பை அகற்றல், கழிவுநீர் வடிகால், கழிப்பறை போன்ற அடிப்படை வசதிகள் மிகக் குறைவாகவே கிடைத்தன.

இதன் விளைவுகள் மக்களின் உடல்நலத்தில் நேரடியாகத் தெரிந்தன. குப்பையால் அடைபட்ட சாக்கடைகளில் தேங்கும் நீர், வயிற்றுப்போக்கு, காலரா போன்ற நோய்களுக்கு வழிவகுத்தது. மழைக்காலத்தில் அதே அடைப்புகள் வெள்ளநீரை வீடுகளுக்குள் திருப்பிவிட்டன. நைரோபியின் பெரிய குப்பைக்கிடங்கான தாந்தோராவை ஒட்டிய பகுதியில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. அதில் சோதிக்கப்பட்ட 328 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேரின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு பன்னாட்டு வரம்பைத் தாண்டியிருந்தது. நகரம் வீசி எறியும் கழிவின் விலையை அதன் ஏழைக் குழந்தைகளே கொடுக்கிறார்கள் என்பதற்கு இந்த ஆய்வு ஒரு சான்று.

மைசாவின் தோற்றம்

1987இல் நைரோபியில் சுற்றுச்சூழல், வளர்ச்சித் துறைகளில் பணியாற்றி வந்த கனடா நாட்டவரான பாப் மன்ரோ, மத்தாரே இளைஞர்களுடன் சேர்ந்து மைசாவைத் தொடங்கினார். அங்கிருந்த சிறுவர்கள் நெகிழிப் பைகளைச் சுருட்டிக் கயிற்றால் இறுகக் கட்டிய பந்தை வைத்துத்தான் ஆடி வந்தனர். நல்ல பந்தும், நடுவரும், முறையான போட்டிகளும் அவர்களுக்கு எட்டாதவையாக இருந்தன. அவற்றை அளிப்பதாகவும், பதிலுக்கு அவர்கள் தங்கள் வட்டாரத்துக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்றும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நீங்கள் ஏதேனும் செய்தால் சங்கமும் செய்யும், நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் சங்கமும் எதுவும் செய்யாது என்பதே அதன் அடிப்படைக் கொள்கையாக அமைந்தது.

சிறிய அளவில் தொடங்கிய இந்த முயற்சி விரைவாக வளர்ந்தது. 1990களின் இறுதிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகளும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரும் அதன் லீக் போட்டிகளில் ஆடினர். போட்டிகளைத் திட்டமிடுவது, நடுவராக நிற்பது, பயிற்சியளிப்பது, தூய்மைப் பணியை மேற்பார்வையிடுவது ஆகிய பொறுப்புகள் பெரும்பாலும் அப்பகுதி இளைஞர்களிடமே இருந்தன. வட்டாரந்தோறும் இளைஞர்களே தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர்.

ஆறு புள்ளிகள்: முறை செயல்படும் விதம்

மைசாவின் மிகவும் அறியப்பட்ட ஏற்பாடு அதன் புள்ளிப் பட்டியல். வழக்கமான கால்பந்து லீக்கில் வெற்றிக்கு 3 புள்ளியும், சமநிலைக்கு 1 புள்ளியும் கிடைக்கும். மைசாவின் லீக்கில் இவற்றுடன், ஓர் அணி தனக்கு ஒதுக்கப்பட்ட தூய்மைப் பணியை முடித்தால் 6 புள்ளிகள் சேர்க்கப்படும்.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் புரிந்துகொள்ளலாம். ஓர் அணி இரண்டு ஆட்டங்களில் வென்று, தூய்மைப் பணிக்கு வராமல் இருந்தால் அதற்கு 6 புள்ளிகள். வேறோர் அணி இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, ஒரு தூய்மைப் பணியை முடித்தால் அதற்கும் அதே 6 புள்ளிகள். இரண்டும் பட்டியலில் சமமாக நிற்கும். ஆகவே எவ்வளவு சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட அணியும் சாக்கடையைத் தவிர்த்துவிட்டுக் கோப்பையை எளிதில் எட்ட முடியாது.

பணி நாளில் அணியினர் மண்வெட்டி, குப்பை வாரி, தள்ளுவண்டி ஆகியவற்றுடன் கூடுவர். அடைபட்ட வடிகால்களைத் திறப்பது, சந்துகளில் சேர்ந்த குப்பையை வாரி ஓரிடத்தில் குவிப்பது, புற்களை வெட்டுவது ஆகியவை முக்கிய வேலைகள். குவிக்கப்பட்ட குப்பை லாரியில் ஏற்றி அகற்றப்படும்.

இம்முறை பயன் தருவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, தூய்மைப் பணி ஆட்டத்திலிருந்து விலகி நிற்கும் அறிவுரையாக இல்லாமல் ஆட்டத்தின் விதியாகவே மாறுகிறது. சுவரொட்டியையோ சொற்பொழிவையோ கவனிக்காத சிறுவனும் புள்ளிப் பட்டியலைக் கவனிப்பான். இரண்டாவது, பணி தனியாளுக்கு அளிக்கப்படாமல் அணிக்கு அளிக்கப்படுவதால், வராத தோழனை மற்ற தோழர்களே அழைத்து வருகின்றனர். மூன்றாவது, தான் காலையில் சுத்தம் செய்த வடிகாலில் மாலையில் யாரேனும் குப்பை கொட்டினால், அந்தச் சிறுவன் அதைத் தட்டிக் கேட்கிறான். சுற்றுச்சூழல் குறித்த அக்கறை அவனுக்குச் சொந்த உழைப்பின் வழியாக வருகிறது.

கல்வியும் தலைமைப் பண்பும்

ஆட்டத்தில் சிறந்தவர்களுக்கு மட்டுமே பரிசு என்ற வழக்கத்தையும் மைசா மாற்றியது. தூய்மைப் பணி, பயிற்சியளித்தல், நடுவர் பணி போன்ற தொண்டுகளுக்காக இளைஞர்கள் தனிப்பட்ட முறையிலும் புள்ளிகள் சேர்க்கலாம். மிகுதியான புள்ளிகள் பெற்றவர்களுக்குத் தலைமைத்துவ விருதுகள் வழங்கப்பட்டன. விருதுத் தொகை கையில் தரப்படாமல் நேரடியாக அவர்களின் பள்ளிக் கட்டணத்துக்குச் செலுத்தப்பட்டது. கட்டணம் கட்ட இயலாமல் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் நிறைந்த ஒரு பகுதியில் இது சிறிய உதவியன்று.

1994இல் மத்தாரே யுனைடெட் என்ற முதுநிலை அணி உருவாக்கப்பட்டது. அது 1998இல் கென்யாவின் மோய் தங்கக் கோப்பையையும், 2008இல் கென்ய பிரீமியர் லீக் பட்டத்தையும் வென்றது. இந்த அணியின் ஆட்டக்காரர்களும் சமூகப் பணியில் நேரம் செலவிட வேண்டும் என்பது விதியாக இருந்தது. நாட்டளவில் பெயர்பெற்ற ஆட்டக்காரர் தங்களோடு சேர்ந்து வேலை செய்வதைச் சிறுவர்கள் கண்டபோது, குப்பை அள்ளுவது இழிவான வேலை என்ற எண்ணம் தளர்ந்தது.

சங்கத்தின் சுற்றுச்சூழல் பணிக்காக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் "குளோபல் 500" விருது 1992இல் வழங்கப்பட்டது. 2010 உலகக் கோப்பையையொட்டி ஆப்பிரிக்காவில் 20 சமூகக் கால்பந்து மையங்களை அமைக்கும் ஃபிஃபாவின் திட்டத்திலும் மத்தாரே இடம்பெற்றது.

அனைவரையும் உள்ளடக்குதல்

சுற்றுச்சூழல் எல்லோருக்கும் பொதுவானது என்றாலும், அதன் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. தண்ணீர் சுமப்பது, குப்பை கொட்டுவது, நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஆகிய வேலைகள் பெரும்பாலும் பெண்கள், சிறுமியர் மீதே விழுகின்றன. அவர்கள் இல்லாத விழிப்புணர்வுத் திட்டம் அரைகுறையானது.

மைசா 1992இல் சிறுமியருக்கான கால்பந்தைத் தொடங்கியபோது பல தடைகள் எழுந்தன. கால்பந்து ஆண்களின் ஆட்டம் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. சமையல், துணி துவைத்தல், தம்பி தங்கையரைக் கவனித்தல் ஆகியவற்றுக்குப் பின் சிறுமியருக்கு ஓய்வு நேரமே மிஞ்சவில்லை. இருட்டிய பின் வீடு திரும்புவது பாதுகாப்பானதன்று என்ற பெற்றோரின் அச்சமும் நியாயமானது. இத்தகைய இடங்களில் பயிற்சியைப் பொழுது சாய்வதற்குள் முடிப்பது, பெற்றோருடன் முன்கூட்டியே பேசுவது, இளைய குழந்தைகளைத் திடலுக்கு அழைத்துவர அனுமதிப்பது போன்ற எளிய ஏற்பாடுகள் பலன் தருகின்றன. மைசாவின் பணி பின்னர் கென்யாவின் வடமேற்கில் உள்ள காக்குமா அகதிகள் முகாமையும் எட்டியது.

உள்ளடக்கும் நோக்கில் கால்பந்தின் விதிகளையே மாற்றியமைத்த பிற முயற்சிகளும் உண்டு. 1994இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் ஆட்டக்காரர் ஆந்திரெஸ் எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் அந்நகரில் தோன்றிய அமைதிக்கான கால்பந்து முயற்சியிலிருந்து "ஃபுட்பால்3" என்ற முறை வளர்ந்தது. இதில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுவர், நடுவர் இல்லை. ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் கூடி விதிகளை முடிவு செய்வர். ஆட்டம் முடிந்தபின் மீண்டும் கூடி, நேர்மையாக ஆடினோமா என்று பேசிப் புள்ளிகள் வழங்குவர். பார்வைக் குறைபாடு உடையோருக்கான ஐவர் கால்பந்தில் ஒலியெழுப்பும் பந்து பயன்படுகிறது. இது 2004 முதல் பாராலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுள்ளது. முதியோருக்காக ஓடாமல் நடந்தே ஆடும் கால்பந்தும் பல நாடுகளில் பரவியுள்ளது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பேசும் ஃபுட்பால்3 முறை, தண்ணீர், குப்பை, மரம் போன்ற உள்ளூர்ச் சிக்கல்களை விவாதிக்க இயல்பான இடமாக அமையும்.

விமர்சனங்களும் எல்லைகளும்

இத்தகைய திட்டங்கள் மீது சில நியாயமான கேள்விகள் எழுகின்றன.

- குப்பையை அகற்றுவது நகராட்சியின் கடமை. குழந்தைகள் அதைச் செய்யும்போது, அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவ வழி ஏற்படலாம்.
- திறந்த சாக்கடையில் உடைந்த கண்ணாடி, ஊசி, மனிதக் கழிவு ஆகியவை கிடக்கும். கையுறையும் காலணியும் கைகழுவும் வசதியும் இல்லாமல் குழந்தைகளை அங்கே இறக்குவது ஆபத்தானது.
- அள்ளிய குப்பையைக் கொண்டுசெல்ல ஏற்பாடு இல்லையெனில், அடுத்த மழையில் அது மீண்டும் வடிகாலுக்கே திரும்பும்.
- புள்ளிக்காகச் செய்யும் வேலை, புள்ளி நின்றதும் நின்றுவிடக்கூடும்.

2024 ஏப்ரலில் பெய்த கனமழையில் மத்தாரே ஆறு பெருக்கெடுத்து உயிர்களைப் பறித்தது. அதைத் தொடர்ந்து ஆற்றோரக் குடியிருப்புகளை அரசு இடித்ததால் பல குடும்பங்கள் வீடிழந்தன. வடிகாலைத் திறந்துவைப்பது சந்து வெள்ளத்தைக் குறைக்கும். ஆனால் ஆற்றங்கரையில் வாழ வேண்டிய கட்டாயத்தை அது நீக்காது. நிலம், வீடு, குடிநீர், கழிப்பறை பற்றிய முடிவுகள் கால்பந்துத் திடலுக்கு வெளியே எடுக்கப்படுகின்றன. ஆயினும் அம்முடிவுகளைக் கேள்வி கேட்கும் துணிவும் ஒன்றுகூடும் பழக்கமும் திடலில் உருவாக முடியும்.

மறுபுறம், அரசின் கொள்கை மாறும்போது அதன் விளைவு பெரிதாக இருக்கும். கென்யா 2017 ஆகஸ்ட் 28 முதல் நெகிழிக் கைப்பைகளைத் தடை செய்தது. ஒரு காலத்தில் வடிகால்களை அடைத்ததும் சிறுவர்களின் பந்தாக உருண்டதும் இதே பைகள்தான்.

பிற இடங்களில் பின்பற்றுவதற்கு

ஒரு பள்ளியோ ஊர் மன்றமோ இம்முறையைப் பின்பற்ற விரும்பினால் பின்வருவன உதவும்.

1. வட்டாரத்தின் உண்மையான சிக்கல் ஒன்றை ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரிடத்தில் அது வடிகாலாகவும், வேறிடத்தில் ஏரியாகவும் இருக்கலாம்.
2. பணிக்கான புள்ளிகள் வெற்றிக்கான புள்ளிகளைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. குறைந்தால் அது வெறும் சடங்காகிவிடும்.
3. கையுறை, காலணி, சோப்பு, முதலுதவிப் பெட்டி ஆகியவை பந்துக்கு முன்பே வாங்கப்பட வேண்டும்.
4. குப்பையை ஏற்றிச் செல்வது குறித்து உள்ளாட்சி அமைப்புடன் முன்கூட்டியே உடன்பாடு செய்ய வேண்டும்.
5. சிறுமியரும் மாற்றுத்திறனாளிகளும் பங்கேற்கும் வகையில் நேரம், இடம், விதிகள் அமைய வேண்டும். வடிகாலில் இறங்க இயலாதவர் கணக்கு எழுதலாம், மரக்கன்றுகளைப் பராமரிக்கலாம். அதற்கும் அதே புள்ளி உண்டு.
6. போட்டித் திடலிலேயே ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் புட்டிகளையும் கோப்பைகளையும் தவிர்க்க வேண்டும்.

மத்தாரேயில் இம்முறை தொடங்கிப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அங்கே குப்பை முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் சாக்கடையைத் திறந்தால் லீக்கில் முன்னேறலாம் என்ற ஒரு விதி, சூழலைக் காப்பது யாரோ செய்யும் வேலை என்ற எண்ணத்தைப் பல தலைமுறைச் சிறுவர் சிறுமியரிடம் மாற்றியுள்ளது.