யாருக்காகவோ, அவரைக் கேட்டீர்களா?



2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. பொங்கி வந்த கடல், அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களை வாரிச் சென்றது. அக்கரைப்பேட்டை அழுதது, கீச்சாங்குப்பம் கதறியது.

அடுத்து வந்தது இன்னோர் அலை. அன்பின் அலை! லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கிற்று. கொடுத்த உள்ளம் நல்ல உள்ளம்தான், மறுக்கவில்லை. ஆனால், கடலோடு மல்லுக்கட்டி வாழ்ந்தவன் பிறர் களைந்த துணிக்கா கை நீட்டுவான்? துணி சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. தார் அட்டையிலே தற்காலிகக் குடில் கட்டித் தந்தனர். வெயில் ஏற ஏற அது அடுப்பாயிற்று. படகு தந்தனர், அவர் தந்தார் என்று இவரும் தந்தார். ஆனால் படகே இல்லாதவர்? தலையிலே கூடை சுமந்து மீன் விற்ற தாய், உப்புநீர் புகுந்த வயலிலே கூலியிழந்த உழவுத் தொழிலாளி, இவர்கள் வரிசையின் கடைசியிலே நின்றனர்.

பணம் இல்லையா? இருந்தது. கேட்கத்தான் இல்லை!

இந்தக் குழப்பத்தின் நடுவேதான், 2005 ஜனவரியில், மாவட்ட நிர்வாகத்தோடு கைகோத்துத் தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் நாகையிலே எழுந்தது. மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும், நாகையின் சிநேகாவும் அதற்குத் தோள் கொடுத்தன. வீடு, தொழில் என்று துறைவாரியாக உட்கார்ந்து பேசினர். கிராமங்களிலே தகவல் மையங்கள் திறந்தனர்.

கிளைகள்தோறும் வெள்ள நிவாரணம், இரத்ததானம், படிப்பகம் என்று பாடுபடும் தோழர்களே, நீங்களும் கூடி யோசிக்கிறீர்கள். எப்படி? தலைவர் பேசுவார், செயலாளர் பேசுவார், மற்றவர் கைதட்டுவர். மூன்று மணி நேரம் முழங்குகிற நானும் இந்தக் குற்றத்தில் பங்காளிதான். அதற்குப் பெயர் கருத்துப் பட்டறையா? பட்டறை என்றால் இரும்பு காய வேண்டாமா, சம்மட்டி விழ வேண்டாமா?

ஆஸ்பார்ன் என்றோர் அமெரிக்க விளம்பரத் தொழிலர், 1953-இல் ஒரு நூலிலே வழி சொன்னார்: எண்ணங்கள் ஏராளமாக வரட்டும், வரும்போதே எவரையும் எள்ளாதீர், ஒருவர் எண்ணத்தின் மேல் இன்னொருவர் கட்டுங்கள். நல்ல வழிதான். ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, கூடிப் பேசியவரைவிடத் தனித்தனியே யோசித்தவர்களின் எண்ணங்களைச் சேர்த்தபோதுதான் எண்ணிக்கை மிகுந்தது. ஆகவே முதலில் பத்து நிமிடம் மௌனம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. எழுதத் தெரியாத தாய்க்கு ஓர் இளைஞன் எழுதட்டும். அவள் சொன்னதை எழுதட்டும், தான் நினைத்ததை அல்ல! சீட்டில் பெயர் வேண்டாம். பெயர் தெரிந்தால், கருத்தை விட்டுவிட்டுக் கருத்துக்குரியவனைத் தராசில் நிறுத்துவோம். நம் வழக்கம் எனக்குத் தெரியும். பிறகு உரக்கப் படியுங்கள், பேசுங்கள், சண்டையும் போடுங்கள். தலைவர் கடைசியில் பேசட்டும்.

கேள்வி குறுகலாக இருக்கட்டும். "ஊரை உயர்த்துவது எப்படி?" என்றால் கொட்டாவிதான் வரும். "மழைக்காலத்திலே மீன் விற்கும் பெண்கள் எங்கே ஒதுங்குவது?" என்று கேளுங்கள், பத்து வாய் திறக்கும்.

தேறிய யோசனை ஒவ்வொன்றின் பக்கத்திலும் செய்பவர் பெயரும் நாளும் எழுதிப் படிப்பகச் சுவரிலே ஒட்டுங்கள். கூட்ட நேரம்? மாலை ஆறு என்று நீங்களாகவே குறிக்காதீர்கள். கூடையை இறக்கி வைக்கும் நேரம் எதுவென்று அந்தப் பெண்களைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.