பிறப்பால் குறைந்ததும் பிழைப்பால் குறைந்ததும்

அறுவை சிகிச்சையில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் செலுத்துவதற்கு முன் மயக்க மருத்துவர்கள் சில வேளைகளில் சக்சினைல்கோலின் என்ற மருந்தைப் பயன்படுத்துவார்கள். மருத்துவமனைப் பேச்சில் அதற்கு ஸ்கோலின் என்று பெயர். ஒரு நிமிடத்துக்குள் உடலின் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும். மூச்சுத் தசைகளும் அதில் அடக்கம். ஐந்து, பத்து நிமிடங்களில் அதன் வேகம் அடங்கி, மூச்சு தானாகத் திரும்பும். அப்படித் திரும்பக் காரணம், கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் கலந்திருக்கும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அதுதான் இந்த மருந்தைச் சிதைக்கிறது. இந்த நொதி மிகவும் குறைந்தவருக்கு, அதே அளவு மருந்து மணிக்கணக்கில் மூச்சை நிறுத்தி வைக்கும். வென்டிலேட்டரில் வைத்து, மயக்கத்தையும் கலைக்காமல் காத்திருந்தால் பெரும்பாலும் தீங்கின்றி மீண்டுவிடலாம். காரணம் புரியாமல் மயக்கத்தை மட்டும் கலைத்துவிட்டால், விரலைக்கூட அசைக்க முடியாமல் நினைவோடு கிடக்க நேரும். வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் உயிரே போகலாம்.

இந்தக் குறை பிறப்பிலேயே வரக்கூடியது என்பது 1950-களிலேயே தெரிந்துவிட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுப் பிரதி வந்து சேர்ந்தால்தான் நொதி ஏறத்தாழ இல்லாமல் போகும். அன்றாட வாழ்வில் இதற்கு எந்த அறிகுறியும் கிடையாது; ஸ்கோலின் ஏறும் நாள்வரை அவருக்கே தெரியாது. உலகின் பெரும்பாலான மக்களிடம் இது அரிது. தென்மாநிலங்களில் பரவி வாழும் வைசிய சமூகத்தில் கணிசமாகக் காணப்படுகிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2006-இல் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை அடையாளம் கண்டார்கள். ஆனால் இதை ஒரு சமூகத்தின் விசித்திரமாகப் பார்ப்பது தவறு. தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 81 குழுக்கள் சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகி, தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டதன் தடத்தை மிக வலுவாகச் சுமப்பதைக் காட்டியது. எந்த வீட்டில் பெண் எடுப்பது என்று முடிவு செய்தது சமூகம். எந்த மருந்து யாருக்கு ஆகாது என்பது அதன் பின்விளைவு. எனவே 'மரபணுக் காரணம்', 'சமூகக் காரணம்' என்று இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போடும் வழக்கம் முதல் உதாரணத்திலேயே உதவாமல் போகிறது.

இதே நொதியை இன்னொரு வழியிலும் இழக்கலாம். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் நரம்பும் தசையும் இணையும் இடத்தில் இருக்கும் அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கிக் கொல்பவை. ரத்தத்தில் உள்ள சூடோகோலினெஸ்டரேஸையும் சேர்த்தே முடக்குகின்றன. கையுறையோ முகமூடியோ இல்லாமல், ஒழுகும் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நாள்தோறும் மருந்து அடிப்பவரின் நொதி அளவு இறங்கிவிடும். பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். இடையில் அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், ஸ்கோலின் அவரிடமும் பிறவிக் குறையுள்ளவரிடம் நடப்பதைப் போலவே நடக்கக்கூடும். ஊட்டக்குறைவும் கல்லீரல் நோயும் கர்ப்பமும் கூட இந்த நொதியைக் குறைக்கின்றன. கூலிக்குத் தெளிப்பவரிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது நம் ஊர்களில் அபூர்வமல்ல. அவருடைய மரபணு அறிக்கையை எடுத்துப் பார்த்தால் ஒரு குறையும் இராது.

பிறவிக் குறையும் பூச்சிக்கொல்லியும் ஒருவரிடமே சேர்ந்தால் நிலைமை மோசமாகும். ரத்தத்தில் மிதக்கும் சூடோகோலினெஸ்டரேஸ், உள்ளே வரும் விஷத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு நரம்புகளைக் காக்கிறது. அது பிறவியிலேயே குறைந்தவருக்கு அந்தக் காப்பு இல்லை. வளைகுடாப் போரின்போது ரசாயன ஆயுதத்துக்கு முன்காப்பாக, இதே நொதிகளை முடக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை கொடுக்கப்பட்ட ஓர் இஸ்ரேலிய வீரர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். அவரிடம் இந்த நொதி பிறவியிலேயே பழுதாக இருந்தது என்று 1995-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாரஆக்சனேஸ் என்ற வேறொரு நொதியும் உண்டு. சில பூச்சிக்கொல்லிகளைச் செயலிழக்கச் செய்யும் அதன் அளவு ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடுகிறது. பிறந்த குழந்தைகளிடம் அது மிகக் குறைவு. தெளித்துவிட்டு வந்த சட்டையோடு கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மரபணுவைப் பற்றிப் பேசினால், 'அவருடைய உடல் அப்படி' என்று சொல்லி உற்பத்தியாளரும் முதலாளியும் கைகழுவ வழி கிடைக்காதா? கிடைக்கும். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்; இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடிகளும் பாதுகாப்பு உடை இல்லாமையும் கலவை மருந்துகளும் பேசப்பட்டபோதே, பழி பெரும்பாலும் 'கவனக்குறைவான விவசாயி' மீது விழுந்தது. ஆனால் இந்த ஆட்சேபத்துக்கான பதிலை இலங்கை தந்திருக்கிறது. 1995-இல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளுக்கும், 1998-இல் எண்டோசல்பானுக்கும், 2008-க்குப் பிறகு டைமெத்தோயேட், பென்தியான், பாராகுவாட் ஆகியவற்றுக்கும் அங்கே படிப்படியாகத் தடை வந்தது. குடித்து உயிர்விடக் கைக்கெட்டும் விஷம் குறைந்ததால், அந்த இருபதாண்டுக் காலத்தில் நாட்டின் தற்கொலை இறப்பு விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. மக்களின் மரபணு அதற்குள் மாறிவிடவில்லை, கடையில் கிடைத்த சரக்குதான் மாறியது. பலவீனமான உடல்கள் நம்மிடையே உண்டு என்பது தெரிந்தபின், பாதுகாப்பு அளவை அந்த உடல்களை வைத்தே நிர்ணயிக்க வேண்டும். மரபணு அறிவு முதலாளியின் பொறுப்பைக் கூட்டுகிறதே தவிர, குறைப்பதில்லை.

இன்னொரு தயக்கம் சாதி பற்றியது. அறுவை சிகிச்சைக்கு முன் 'நீங்கள் வைசியரா?' என்று கேட்பது சில மருத்துவர்களின் வழக்கம். நோக்கம் நல்லதுதான், ஆனால் அது அரைகுறைச் சல்லடை. அந்தச் சமூகத்தில் பெரும்பாலோருக்கு இக்குறை கிடையாது. மற்றவர்களில் சிலருக்கு உண்டு. தெளிப்பாளரோ அந்தக் கேள்வியில் அகப்படவே மாட்டார். 'உங்களுக்கோ உடன்பிறந்தவருக்கோ மயக்கம் கொடுத்தபின் மூச்சு திரும்பத் தாமதமானதுண்டா? சமீபத்தில் மருந்து அடித்தீர்களா?' என்ற இரண்டு கேள்விகள் அதைவிட மேல். சந்தேகம் வந்தால் சாதாரண ரத்தப் பரிசோதனை போதும்; விலை உயர்ந்த மரபணுப் பரிசோதனை முதலில் தேவையில்லை. ஸ்கோலினுக்குப் பதிலாக ரோக்குரோனியம் போன்ற மாற்று மருந்துகளும் இருக்கின்றன.

நோயாளியின் உரிமைகள் காகிதத்தில் குறைவில்லை. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். மூச்சு திரும்பத் தாமதமாகியிருந்தால் கொடுத்த மருந்தின் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். குறை பிறவியில் வந்ததானால் உடன்பிறந்தவர்களையும் பரிசோதியுங்கள், ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மருந்தின் பக்கவிளைவை நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருந்து அடித்த பிறகு கண் மங்கினால், எச்சில் ஊறினால், வியர்த்துக் கொட்டினால், நெஞ்சு இறுகினால் உடையைக் களைந்து சோப்பு போட்டுக் குளிப்பாட்டி 108-ஐ அழையுங்கள்; மருந்து டப்பாவை மருத்துவமனைக்குக் கையோடு கொண்டு போங்கள்.

விடுபட்டிருப்பது தொழிலாளியின் பக்கம். கரிம பாஸ்பரஸ் மருந்துகளோடு வேலை செய்பவர்களுக்கு மாதந்தோறும் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. பதிவேட்டில் பெயரே இல்லாத தினக்கூலித் தெளிப்பாளருக்கு அது எட்டுவதில்லை. பரிசோதித்தால் வேலை போய்விடுமே என்ற பயமும் உண்மையானது. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. கலிபோர்னியா 1974 முதல் வேறொரு வழியில் போகிறது. இயல்பு அளவே ஆளுக்கு ஆள் மாறுவதால், தெளிப்புக்கு முன் ஒவ்வொருவருக்கும் அடிப்படை அளவு எடுக்கிறார்கள். பிறகு நொதி அந்த அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேலைமுறையைச் சோதிக்கிறார்கள்; ரத்தத் திரவ நொதி 60 விழுக்காடாக இறங்கினால், தேறும்வரை அவரை மருந்துப் பக்கம் விடுவதில்லை. பூச்சிமருந்து விஷத்துக்குச் சிகிச்சை தரும் நம் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு இந்தப் பரிசோதனை புதிதல்ல. விஷம் ஏறிய பிறகு எடுக்கும் அதே ரத்தத்தைத் தெளிப்புப் பருவத்துக்கு முன்பே எடுக்கவும், நொதி குறைந்தவருக்கு அதே கூலியில் மாற்று வேலை தரவும் அரசு ஆணையிட வேண்டும்.