சிரிக்க வைத்தால் ‘காமெடியன்’, கலங்க வைத்தால் ‘நடிகர்’: ஏன் இப்படி?

2014 ஏப்ரலில் சூரஜ் வெஞ்ஞாறமூடுக்கு அடுத்தடுத்து இரண்டு விருதுச் செய்திகள் வந்தன. ‘பேரறியாத்தவர்’ படத்தில் துப்புரவுத் தொழிலாளியாக நடித்ததற்காக, சிறந்த நடிகருக்கான தேசிய விருது (இந்தி நடிகர் ராஜ்குமார் ராவுடன் பகிர்ந்து). அதே ஆண்டுக்கான கேரள மாநில விருதில் அவருக்குக் கிடைத்தது ‘சிறந்த நகைச்சுவை நடிகர்’. டெல்லிக்கு நடிகர், திருவனந்தபுரத்துக்குக் காமெடியன். ஆள் ஒருத்தர்தான்.

தேசிய விருதில் நகைச்சுவைக்குத் தனிப் பிரிவு கிடையாது. தமிழ்நாடு அரசு விருதில் உண்டு. கேரளத்திலும் இருந்தது, சூரஜுக்குக் கொடுத்ததோடு அந்தப் பிரிவு நின்றுபோனது. தனிப் பிரிவு இருப்பது மரியாதையா, இல்லை ஒதுக்கி உட்கார வைப்பதா?

விருதுப் பட்டியலையே கேட்டுப் பார்ப்போம். 2010-ம் ஆண்டுக்கான 58-வது தேசிய விருதுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆடுகளம்’ தனுஷுடன் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்தவர் சலீம் குமார். மலையாளிகளை ஆண்டுக்கணக்கில் சிரிக்க வைத்தவர் அவர். விருது வாங்கித் தந்ததோ ஹஜ்ஜுக்குப் போகக் காசு சேர்க்கும் அத்தர் வியாபாரி வேடம் (‘ஆதாமின்டெ மகன் அபு’).

சிறந்த துணை நடிகை சுகுமாரி. நாகர்கோவிலில் பிறந்து, சோவின் நாடகக் குழுவில் நடித்து, பிரியதர்ஷனின் மலையாளப் படங்களில் கலக்கியவர். ‘போயிங் போயிங்’ படத்துச் சமையல்காரம்மாவை மறக்க முடியுமா? ஆனால் விருது, பாலக்காட்டு அக்ரகாரத்தில் நடக்கும் ‘நம்ம கிராமம்’ படத்துப் பாட்டிக்கு.

மூன்றாவது ஆள் தம்பி ராமையா, சிறந்த துணை நடிகர். படம் ‘மைனா’. இடுக்கி எல்லையை ஒட்டிய குரங்கணிப் பக்கத்து மலைகளில் எடுக்கப்பட்டது. தப்பிய கைதியைத் தேடி அலையும் காவலராக அவர் நம்மைச் சிரிக்கவும் வைத்தார், கலங்கவும் வைத்தார். மூவரில் சிரிப்பு வேலைக்கும் சேர்த்தே விருது வாங்கியவர் இவர் மட்டும்தான் என்பது என் கணக்கு.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. சாப்ளினுக்கே நடிப்புக்கோ இயக்கத்துக்கோ போட்டிப் பிரிவில் ஆஸ்கர் கிடைக்கவில்லை. கௌரவ விருதுகளை விட்டுவிட்டால், அவருக்குக் கிடைத்தது 1973-ல், ‘லைம்லைட்’ படத்தின் இசைக்கு!

சரி, காமெடியில் அப்படி என்ன பெரிய வேலை இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறையிலோ குமுளியிலோ இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு வசதி: இரண்டு மொழிக் காமெடியும் டப்பிங் இல்லாமலே புரியும். சித்திக் 1999-ல் மலையாளத்தில் எடுத்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தை அவரே 2001-ல் தமிழில் எடுத்தார். பெயின்ட் காண்ட்ராக்டர் வேடத்தில் அங்கே ஜகதி ஸ்ரீகுமார், இங்கே வடிவேலு. ஒரே இயக்குநர், ஒரே பாத்திரம்; ஆனால் வந்தது இரண்டு வேறு மனிதர்கள். ஜகதியிடம் தெரிவது ஒரு தந்திரக்காரர். வடிவேலுவின் நேசமணி வெறும் கெத்து, உள்ளே பயம்.

அந்தச் சுத்தியல் காட்சியையே பாருங்கள். தலையில் சுத்தியல் விழுந்தால் கத்துவது யாராலும் முடியும். ஆனால் அதற்கு முன்னாலேயே அதட்டி, மிரட்டி, ‘நான்தான் இங்கே எல்லாம்’ என்ற மிதப்பை வடிவேலு கட்டி வைத்துவிடுகிறார். சுத்தியல் உடைப்பது அந்த மிதப்பை. படம் வந்து 18 வருஷம் கழித்து, 2019 மே மாதம், நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது சும்மா இல்லை.

இன்னொரு உதாரணம், ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார். சிரிப்பு வருவது சொல்பவரைவிட, கேட்கும் பாலையாவின் முகத்தில். ஒன்றும் பேசாமல் பயந்துகொண்டே கேட்பதும் நடிப்புதான். (அந்தப் படத்து இசையமைப்பாளர்களில் ஒருவரான எம்.எஸ். விஸ்வநாதன் பாலக்காடு எலப்புள்ளியில் பிறந்தவர் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்!)

சினிமாவுக்கு முன்னாலேயே இந்த மண்ணில் சிரிப்பு ஒரு கலையாகிவிட்டது. பாலக்காடு மாவட்டம் லக்கிடி அருகே கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்தவர் 18-ம் நூற்றாண்டுக் கவிஞர் குஞ்சன் நம்பியார். கூத்தில் மிழாவு வாசிக்கும்போது அவர் தூங்கிவிட, மேடையிலிருந்த சாக்கியார் கிண்டலடித்தாராம். அந்த ஆத்திரத்தில் உருவானதுதான் துள்ளல் என்பார்கள். புராணக் கதையைச் சொல்லிக்கொண்டே ஊர்ப் பெரிய மனிதர்களையும் அதிகாரிகளையும் சாதிப் பெருமையையும் நையாண்டி செய்த கலை அது. இன்று கேரளத்தின் பாரம்பரியக் கலைகளில் அதற்குத் தனி இடம் இருக்கிறது.

ஒட்டந்துள்ளல் கலைஞராக ‘ஆளொருக்கம்’ படத்தில் நடித்த இந்திரன்ஸுக்கு 2017-க்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆனால் அங்கேயும் அவர், தொலைந்த மகனைத் தேடும் சோகக் கிழவர்!

அதே இந்திரன்ஸின் ஒல்லி உடம்பைத்தான் 90-களின் பல படங்கள் ஜோக்காக விற்றன. நிறம், உடம்பு, ஊனம் என்று கேலி செய்து ஓட்டிய காட்சிகள் தமிழிலும் ஏராளம். ‘காமெடிதானே, விடுங்க’ என்று அதைக் கடந்து போவதும், விருது தராமல் விடுவதும் ஒரே மனப்பான்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கலை என்று ஒப்புக்கொண்டால், மோசமான ஜோக்குக்கும் கணக்குக் கேட்க வேண்டிவரும்.

2019-ம் ஆண்டுக்கான கேரளத்தின் சிறந்த நடிகர் விருது சூரஜுக்கே வந்தது. இரண்டு படங்களுக்காக. அதில் ஒன்றான ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்’ படத்தில் அவர் ரோபோவோடு மல்லுக்கட்டும் சிடுசிடு அப்பா. அதில் தியேட்டர் சிரித்த இடங்கள் நிறைய.