கொடி ஒரு நாடு, துறைமுகம் ஒரு நாடு

இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலே துறைமுகத்துக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம்தான். டவுன் பஸ் மாதிரி நாள் முழுக்கப் போய்வரும் ஃபெர்ரி. ஆனால் அதில் வேலை பார்ப்பவருக்கு எந்த நாட்டுச் சட்டம்? கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ, அந்த நாட்டுச் சட்டம். சைப்ரஸ் கொடி, பஹாமாஸ் கொடி என்றால், பிரிட்டனின் குறைந்தபட்ச ஊதியம் அங்கே எட்டாமல் போனது.

அதன் விளைவை 2022 மார்ச் 17 அன்று உலகமே பார்த்தது. பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் நிறுவனம் முன்பே பதிவு செய்த வீடியோவைப் போட்டுக் காட்டி 786 பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. தொழிற்சங்கத்தோடு பேசியிருக்க வேண்டும், தெரிந்தேதான் பேசவில்லை என்று அதன் தலைமை நிர்வாகி நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். அவர்களுக்குப் பதிலாகப் புதிதாக வந்தவர்களுக்குச் சராசரிச் சம்பளம் மணிக்கு 5.50 பவுண்டு, கரையில் அப்போது சட்டப்படி 8.91. வந்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். பிழைப்புக்காக வந்த அவர்கள்மேல் பழி போடுவது அநியாயம்.

சம்பளத்தைவிட என்னை உறுத்துவது தூக்கம். பெருங்கடலில் போகும் சரக்குக் கப்பல் கிளம்பினால் பல நாள் கரையே வராது. ஃபெர்ரியிலோ ஒரே நாளில் பலமுறை கயிறு கட்டி, சாய்தளம் இறக்கி, லாரிகளை இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு கேட்கிறது. அதையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு பகுதி 6 மணி நேரம் இருந்தால் போதும். இப்படியே மாதக்கணக்கில் ஓடினால் உடம்பு என்னாகும்? கண் அசந்தால் ஆபத்து பயணிகளுக்கும்தான்.

2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பிரிட்டன் சட்டப்படி, ஆண்டுக்கு 120 தடவைக்குக் குறையாமல் அங்கு வந்துபோகும் கப்பல்கள், பிரிட்டன் கடல் எல்லைக்குள் செய்யும் வேலைக்காவது அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடான சம்பளம் தர வேண்டும். பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது: கடலில் எத்தனை நாளோ, கரையில் அத்தனை நாள் ஓய்வு.

நம் ஊரிலிருந்து இந்த வேலைக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கொடி, மணிநேரம், எத்தனை மாதம் என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலை வாங்கித் தருவதற்கு ஏஜென்ட் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பும் செலவு முதலாளியுடையது. இரண்டுமே கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தரும் உரிமைகள்.