லீவு முடிந்து கிளம்பும் உடம்பு

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தெருக்களில், பிரான்சிலோ வளைகுடாவிலோ சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத குடும்பம் குறைவு. 1962-ல் புதுச்சேரியின் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்ட வீடுகளில் பலவற்றைச் 'சொல்தா வீடு' (பிரெஞ்சில் 'சொல்தா' என்றால் சிப்பாய்) என்றுதான் இன்றும் சொல்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாரீஸ், ரெயூனியோன், பிரெஞ்சு கயானா என்று வேலைக்கும் ராணுவப் பணிக்கும் போய்வருகிறார்கள்.

ஊருக்கு வரும்போது தண்ணீர், கொசு என்று ஆயிரம் யோசிப்பவர்கள், திரும்பும்போது பெட்டியின் எடையைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். கடைசி சில நாள்கள் விருந்திலும் மசாலாத்தூள் அரைப்பதிலும் போய்விடுகின்றன, தூக்கம் கெடுகிறது. என் கணக்கில், உடம்பைக் கவனிக்கவேண்டிய நேரமே அதுதான்.

காலில் உறையும் ரத்தம்

நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்தால் கெண்டைக்காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. பயப்படும் அளவுக்கு இல்லை. சுமார் 6,000 பயணிகளில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால் அந்த ஆய்வு சொன்ன இன்னொன்று நம்மவர்களுக்கு முக்கியம்: விமானம் மட்டும் காரணமில்லை, காரும் பஸ்ஸும் ரயிலும் அதே வேலையைச் செய்யும்.

நம் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டக்குப்பம், மரக்காணம் வழியாகச் சென்னை விமான நிலையத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் கார். அங்கே காத்திருப்பு. பிறகு பாரீஸுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானம். ஆகவே காலை அசைக்கும் வேலை மரக்காணத்திலேயே தொடங்க வேண்டும். லீவுக்கு வருவதற்குச் சற்று முன்புதான் கம்பெனி வேலையாக வேறொரு நாட்டுக்கும் போய்வந்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை. சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வரும் நீண்ட பயணங்களில் ஆபத்து கூடுகிறது.

அவ்வப்போது எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே குதிகாலை ஏற்றி இறக்குங்கள், மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிருங்கள். கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பே ரத்தம் உறைந்தவர்கள் அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் போடவேண்டாம். ஊர் போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்துக்கூட ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மருந்துப் பை

இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் உறைந்து கெட்டுப்போகலாம். மேற்கே போகும்போது நாள் நீள்கிறது. கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பாரீஸ் நமக்குப் பின்னால். அந்தக் கூடுதல் நேரத்துக்கு ஊசியை எப்படிப் பிரித்துப் போடுவது என்பதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

துபாய், சவுதி போகிறவர்களுக்கு வேறு தலைவலி. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை போன்றவை அங்கே கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. மருத்துவர் சீட்டும், தேவைப்பட்டால் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோனால் சிறைவரை போகலாம். குருமாவுக்கென்று அம்மா கட்டித்தரும் கசகசாவும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள்தான்.

மஞ்சள் காய்ச்சல் அட்டை

பிரெஞ்சு கயானாவுக்குப் பணிமாற்றம் ஆனவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகிறது. அட்டையைத் தொலைத்துவிட்டு அங்கிருந்து ஆறு நாள்களுக்குள் இந்தியா வந்து இறங்கினால், விமான நிலையத்திலேயே நிறுத்தித் தனிமைப்படுத்திவிடுவார்கள். லீவில் பாதி அங்கேயே போய்விடும்.

போன பிறகு வரும் காய்ச்சல்

டெங்கு, கொசு கடித்துப் பொதுவாக 4 முதல் 10 நாளில் தலைகாட்டும். டைபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். ஒருவகை மலேரியா மாதக்கணக்கில் ஈரலில் பதுங்கியிருக்கும். அதாவது இங்கே ஒட்டியது அங்கே காய்ச்சலாக வரும். குளிர்காலமென்றால் அங்குள்ள மருத்துவர் ஃப்ளு என்றே முதலில் நினைப்பார். "சொந்த ஊருக்குத்தானே போய்வந்தேன், அதையெல்லாம் எதற்குச் சொல்வது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் வாக்கியமாகவே அதைச் சொல்லுங்கள்.

தென் பிரான்சில் இப்போது டெங்குவைப் பரப்பும் புலிக் கொசு உண்டு. 2010-ல் நீஸ் நகரில், வெளிநாடே போகாதவர்களுக்கும் டெங்கு வந்தது. எனவே காய்ச்சல் அடிக்கும் நாள்களில் அங்கேயும் கொசுக்கடி படாமல் இருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவை அவை கூட்டிவிடும்.