வலிக்காத வியாதிதான் ஆபத்து!

"போன வருஷம் நம்ம கோட்டை மேல விறுவிறுன்னு ஏறினேன் வைத்தியரே. இப்ப வீட்டுப் படி நாலு ஏறினாலே இளைக்குது. காலும் வீங்குது."

திருமயத்தில் என் வைத்தியசாலைக்கு வந்த பெரியவர் இப்படிச் சொன்னார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை; எட்டு வருஷமாக ரத்த அழுத்தம்.

"மாத்திரை?"

"அதை விட்டு ஒன்றரை வருஷமாச்சு. ஒரு தொந்தரவும் இல்லையே! ஆவாரம்பூக் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும்தான்" என்றார், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து. எனக்குப் பகீரென்றது. பரிசோதித்தால், சிறுநீரில் புரதம். ரத்தத்தில் கிரியாட்டினின் அதிகம். உடனே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

'தொந்தரவு இல்லையே' என்பதுதான் இந்த இரண்டு வியாதிகளின் தந்திரம். நம் இரு சிறுநீரகங்களிலும் சேர்த்துச் சுமார் இருபது லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா? சர்க்கரையும் அழுத்தமும் சேர்ந்து இந்த வடிகட்டிகளைத் தேய்க்கின்றன. ஓட்டைச் சல்லடையில் மாவு நழுவுவது போல, அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் நழுவுகிறது. முதல் அறிகுறி இதுதான். இது வலிக்காது; பரிசோதனையில் மட்டுமே தெரியும். கால் வீங்கும்போது பெரும்பாலும் பாதிக்கு மேல் போயிருக்கும்.

சிறுநீரகம் தளர்ந்தால் உப்பும் நீரும் உடம்பில் தங்கி, அழுத்தம் இன்னும் ஏறும். அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கும். இதயம் களைத்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டுதான் விழும்!

மூலிகை என்றால் பயமில்லையா?

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: பயம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம், அதிலிருந்த அரிஸ்டலோகிக் அமிலம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையிலும் அந்த அமிலம் உண்டு. இளநீர், வாழைத்தண்டில் உள்ள பொட்டாசியத்தைத் தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பற்பம், செந்தூரமெல்லாம் படித்த வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* வருஷம் ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் பாருங்கள். அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30க்குக் கீழே இருக்க வேண்டும்.

* ரத்த அழுத்தம் பலருக்கு 130/80க்குள் இருப்பது நல்லது. உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் இந்தக் கணக்கில்தான்!

* மூட்டுவலிக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

* சர்க்கரைக்காரருக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சிரைப்பு, வியர்வை, காரணமில்லாத களைப்பு என்றால் உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.

* மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது.

அந்தப் பெரியவர் இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். கிரியாட்டினின் மேலே ஏறாமல் நிற்கிறது. போனது திரும்பவில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு இன்னும் எதுவும் போகவில்லை என்றால், இந்த வாரமே பரிசோதனை செய்துகொள்ளுங்களேன்!